முதுகு காட்டிக்கொண்டே முந்துகிற ஆட்டம்

கல்லூரி ரோயிங் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நான்கு வருடம் எட்டுப் பேர் துடுப்புப் படகில் காக்ஸாக (சுக்கான் பிடித்துப் படகை வழிநடத்துகிறவராக) உட்கார்ந்து, அதன்பின் பதினாறு வருடம் புதுமுகங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எர்கோமீட்டரில் (கரையிலேயே துடுப்புப் போட்டுப் பழகும் 'எர்க்' இயந்திரத்தில்) 2,000 மீட்டரை எங்கள் அணியிலேயே நான்தான் சீக்கிரம் முடிக்கிறேன். என்னைவிடப் பத்து விநாடி மெதுவானவனை முதல் படகில் உட்கார வைத்துவிட்டு, என்னை இரண்டாம் படகுக்கு அனுப்பிவிட்டார் பயிற்சியாளர். கேட்டால், "சீட் ரேஸில் நீ தோற்றாய்" என்கிறார். இது நியாயமா? (இரண்டாமாண்டு மாணவர்)

பதில்: நியாயம்தான் தம்பி. கோபம் வரும், வரட்டும். ஆனால் எர்க் மிதக்காது என்பது படகுத்துறையில் ரொம்பப் பழைய பேச்சு.

மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சீட் ரேஸ் என்றால், இரண்டு நால்வர் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுவார்கள். எவ்வளவு தூரத்தில் எது முந்தியது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு இரண்டு படகையும் தண்ணீரிலேயே ஒட்டி நிறுத்தி, படகுக்கு ஒருவர் வீதம் இடம் மாற்றி, மறுபடி ஓடச் சொல்வார்கள். மற்றவர்கள் அதே ஆட்கள், தண்ணீரும் அதே தண்ணீர். முந்திய தூரம் எவ்வளவு மாறியதோ, அதுதான் அந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம். எனக்குத் தெரிந்து விளையாட்டில் இவ்வளவு இரக்கமில்லாத பரீட்சை வேறு கிடையாது. அன்று காற்று மாறியது, மற்ற மூவரும் களைத்துவிட்டார்கள் என்று சாக்குச் சொல்ல இடமுண்டு. அதனால்தான் நல்ல பயிற்சியாளர் ஒரு தடவையோடு விடமாட்டார்.

அப்படியானால் உன் பலம் எங்கே போகிறது என்று நீ கேட்கலாம். ஒரு கணக்குப் பார். எட்டுப் பேர் படகு காலியாக ஏறக்குறைய 96 கிலோ. அதில் உட்காரும் எட்டுப் பேரும், ஆளுக்கு 85 கிலோ என்றால், 680 கிலோ. படகைவிட ஏழு மடங்கு எடை சறுக்கு இருக்கைகளின் மேல் முன்னும் பின்னும் போய் வருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. துடுப்பைத் தண்ணீரில் போட்டு இழுக்கும்போதுதான் படகு அதிக வேகத்தில் போகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இழுத்து முடித்து, துடுப்பு வெளியே வந்து, எட்டு உடம்பும் கால் பலகையை நோக்கிச் சறுக்கி வரும் அந்த நேரத்தில்தான் படகுக் கூட்டின் வேகம் உச்சத்தில் இருக்கிறது. உடம்புகள் பின்னால் வர வர, கூடு அவர்களுக்கு அடியில் முன்னால் ஓடுகிறது. அந்த நேரத்தில் நீ அவசரப்பட்டுச் சறுக்கி வந்து கால் பலகையில் முட்டினால், 85 கிலோவால் படகை எதிர்ப்பக்கம் உதைத்தாய் என்று அர்த்தம்.

காக்ஸின் இடம் படகின் கடைக்கோடி. ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் பிரேக்கைத் தொட்டால் தலை முன்னால் போய் வருமே, அப்படி ஒவ்வொரு வீச்சுக்கும் என் தலை போய் வரும். எந்த அளவு போகிறது என்பதை வைத்தே அன்றைய ஓட்டம் எப்படி என்று சொல்லிவிடுவேன். எங்கள் படகில் ஐந்தாம் இருக்கைக்காரன் உன்னைப் போலத்தான். எர்க்கில் ராஜா. அவன் வந்த முதல் வாரத்தில் எனக்குக் கழுத்து வலி. பயிற்சியாளர் அவனைத் திட்டவில்லை. "கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் போடு" என்றார், அவ்வளவுதான். கண் தெரியாதபோது காது விழித்துக்கொள்கிறது. முன்னால் இருக்கிறவனின் சக்கரச் சத்தம், துடுப்பு வளையத்தில் திரும்பும் 'டக்', இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் அவன் மெதுவாக வர ஆரம்பித்தான். மூன்று வாரம் ஆயிற்று. நாலாவது வாரம் என் தலை ஆடவில்லை.

நீயும் ஒரு வாரம் இழுப்பதைப் பற்றி யோசிக்காதே. திரும்பி வருவதைப் பற்றி மட்டும் யோசி. கை போகட்டும், அப்புறம் முதுகு சாயட்டும், கடைசியாக முழங்கால் மடங்கட்டும். உனக்கு முன்னால் இருக்கிறவனைவிடச் சீக்கிரம் வந்து சேராமல் இருப்பதே உன் வேலை. அடுத்த சீட் ரேஸுக்கு அப்புறம் எனக்கு எழுது.

கேள்வி: காக்ஸ் என்பவர் சும்மா உட்கார்ந்து கத்துகிறவர்தானே? இதற்கும் பதக்கம் கொடுக்கிறார்களே!

பதில்: கொடுக்கிறார்கள். ஜெயித்தால் தூக்கித் தண்ணீரிலும் போடுகிறார்கள். இரண்டையும் வாங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்: பதக்கம் காய்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும்.

சர்வதேசப் போட்டிகளில் காக்ஸுக்குக் குறைந்தபட்ச எடை 55 கிலோ. குறைந்தால் வித்தியாசத்துக்கு மணல் மூட்டையோ வேறு பளுவோ சுமக்க வேண்டும். எடையே இல்லாத ஆள் வேண்டும் என்று யாரும் பட்டினி கிடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. நல்ல விதி.

வேலை என்ன என்றால், படகை நேராக ஓட்டுவது. சுக்கான் திரும்பினாலே தண்ணீர் பிடித்து இழுக்கும், வேகம் போகும். அதனால் துடுப்புகள் தண்ணீரில் இருக்கும்போது மட்டும், விரல் நகம் அளவுக்குத் திருப்பத் தெரிய வேண்டும். கத்துவது அப்புறம். சத்தியமாகச் சொல்கிறேன், என் முதல் வருடம் முழுக்க நான் கத்தியதில் முக்கால்வாசி வீண். "இழு, இழு" என்றால் இழுத்துக்கொண்டிருக்கிறவனுக்கு என்ன தகவல் கிடைக்கும்? "மூன்றாம் இருக்கை, கொஞ்சம் தாமதம்" என்றால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. "இப்போது அவர்களுடைய நாலாம் இருக்கைக்கு நேராக இருக்கிறேன்" என்றால் அதைவிடப் பெரிய செய்தி. ஏனென்றால் படகில் இருக்கும் ஒன்பது பேரில் முன்னால் பார்க்கிற ஒரே ஆள் நான்தான்.

கேள்வி: துடுப்புப் போடுகிறவர்கள் ஏன் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்காருகிறார்கள்?

பதில்: காலை உதைத்து இழுக்க அதுதான் வசதி. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையில்தான் இருக்கின்றன. இன்னொரு சுகமும் உண்டு. முந்திவிட்டால் தோற்றுக்கொண்டிருப்பவர்களின் முதுகு முழுக்கக் கண்ணெதிரே தெரியும். பின்தங்கிவிட்டால் யாருமே தெரியமாட்டார்கள், தண்ணீர்தான் தெரியும்.

கேள்வி: என் மகள் கல்லூரியில் சேர்ந்தபின் முதன்முதலாகத் துடுப்பைத் தொட்டாள். விடியுமுன் எழுந்து ஓடுகிறாள். உள்ளங்கை பூராவும் கொப்புளம். இப்போது விலாவில் வலி என்கிறாள், ஆனால் பயிற்சியாளரிடம் சொல்லக் கூடாதாம். நான் என்ன செய்வது? (ஒரு தாயார்)

பதில்: அம்மா, கொப்புளத்தை விட்டுவிடுங்கள், அது எல்லாருக்கும் வரும். உடைக்காமல், சுத்தமாகக் கழுவி, ஒட்டுப் போட்டு, துடுப்புப் பிடியையும் துடைத்து வைத்தால் போதும். சில வாரத்தில் தோல் தடித்துவிடும். உங்கள் மகளும் அதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிவாள்.

விலா வலி வேறு. அதை விடாதீர்கள். இந்த விளையாட்டில் கீழ்முதுகுக்கு அடுத்தபடி பயப்பட வேண்டியது விலா எலும்பில் வரும் நுண்ணிய விரிசல். ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்வதால் வருகிறது. ஆழ்ந்து மூச்சிழுத்தால், தும்மினால், படுக்கையில் புரண்டால் குத்துகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் இன்றைக்கே மருத்துவரிடம் போகட்டும். இப்போது நிறுத்தினால் சில வாரம். மறைத்து ஓட்டினால் இந்தப் பந்தயப் பருவமே போய்விடும்.

பயிற்சியாளரிடம் ஏன் சொல்லப் பயப்படுகிறாள் தெரியுமா? இருக்கையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுவார் என்று. கொடுக்கத்தான் கொடுப்பார். நான் பயிற்சியாளராக இருந்த மூன்றாவது வருடம், ஒரு பெண் இப்படித்தான் மறைத்தாள். நானும் கவனிக்கவில்லை. அவளுடைய வீச்சு குறுகிக்கொண்டே வந்ததை நான் சோம்பல் என்று நினைத்து, எல்லார் முன்னாலும் சொல்லியும்விட்டேன். அன்று மாலை அவளுடைய அறைத்தோழிதான் வந்து விஷயத்தைச் சொன்னாள். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் படகை இறக்குமுன் ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்தி, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கிறேன். "வலிக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "எங்கே?" என்றால் பதில் வரும்.

கேள்வி: 2,000 மீட்டரில் முதல் 500 பறக்கிறது. மூன்றாவது 500 வரும்போது மனமும் உடம்பும் சேர்ந்தே விட்டுப்போகின்றன. மன உறுதியை வளர்க்க ஏதாவது வழி?

பதில்: உறுதியை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணக்கைப் பாருங்கள். நீங்கள் மூன்றாவது 500-ல் தோற்கவில்லை, முதலாவதிலேயே தோற்றுவிட்டீர்கள்.

எர்க்கில் 500 மீட்டருக்கு 2 நிமிடம் என்ற வேகத்துக்கு ஏறக்குறைய 203 வாட் சக்தி வேண்டும். 1 நிமிடம் 45 விநாடிக்கு 302 வாட். பதினைந்து விநாடிதான் குறைந்தது, சக்தியோ ஒன்றரை மடங்கு. வேகத்தின் மும்மடிக்கு ஏற்பச் சக்தி கூடுவதுதான் காரணம். தண்ணீரிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆகவே முன்னால் அவசரத்தில் சம்பாதிக்கிற ஒரு விநாடிக்குப் பின்னால் கந்துவட்டி கட்ட வேண்டியிருக்கும்.

புறப்படும்போது நிமிடத்துக்கு 45 வீச்சுவரை போகலாம், தப்பில்லை. படகை நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டுமே. ஆனால் இருபது வீச்சுக்குள் 36, 37 என்று இறங்கிவிட வேண்டும். அந்த இறக்கத்தில்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். பக்கத்துப் படகு இறங்காமல் போவதைப் பார்த்துப் பயந்து, தாங்களும் போகிறார்கள். போகட்டும், விடுங்கள். அவர்கள் 1,200 மீட்டரில் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

அதற்கப்புறமும் வலிக்கும். தமிழில் 'துடுப்பு வலித்தல்' என்கிறோமே, வலி என்றால் இழு, வலி என்றால் பலம், வலி என்றால் நோவு. ஒரே சொல் இந்த மூன்று பொருளையும் சுமப்பது எவ்வளவு பொருத்தம் என்று 1,250 மீட்டர் தாண்டும்போது தெரியும். அந்த இடத்தில் நான் என் ஆட்களிடம் மீதித் தூரத்தைச் சொல்லவே மாட்டேன். பத்து வீச்சு கேட்பேன். "கால் மட்டும், பத்து." முடிந்ததும், "நேரம் மட்டும், பத்து." எந்தப் பத்து கடைசிப் பத்து என்று சொல்லாமலே கொண்டுபோய்க் கோட்டில் சேர்ப்பேன். ஏமாற்றுதான். அவர்களுக்கும் தெரியும்.

கேள்வி: அரையிறுதியில், கோட்டுக்கு 300 மீட்டர் இருக்கும்போது எங்கள் இரண்டாம் இருக்கைக்காரன் நண்டு பிடித்துவிட்டான். இரண்டு படகு எங்களைத் தாண்டின. அன்றிலிருந்து அவன் யாரோடும் பேசுவதில்லை, பயிற்சிக்குக் கடைசியாக வந்து முதலில் போகிறான். நான் கேப்டன். என்ன சொல்வது?

பதில்: நண்டு என்றதும் சாப்பாட்டு ஞாபகம் வருகிறவர்களுக்கு: துடுப்பின் பிளேடு தப்பான கோணத்தில் தண்ணீருக்குள் சிக்கி, வெளியே வர மறுப்பதைத்தான் நண்டு பிடிப்பது என்கிறோம். படகு போகிற வேகத்தில் பிடி திரும்பி வந்து நெஞ்சில் அறையும். சில நேரம் ஆளையே தூக்கி வெளியே எறியும். எட்டுப் பேரும் ஓட்டுகிற படகில் ஒரு துடுப்பு நங்கூரமாகிவிடுகிறது.

எனக்கு இந்தக் கடிதத்தைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. எங்கள் கடைசி வருட இறுதிப் போட்டியில், நண்டு இல்லை, சுக்கான். நான்தான். பக்கத்துப் படகின் அலை எங்கள் துடுப்புகளை அடித்தபோது பயந்து, தேவைக்கு மேல் திருப்பிவிட்டேன். திரும்ப நேராக்க இன்னொரு திருப்பு. ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றோம். எட்டுப் பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். நாலு நாள் கழித்து எங்கள் ஸ்ட்ரோக் (எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து மற்றவர்களுக்கு வீச்சின் தாளம் வைக்கிறவன்), படகு கழுவிக்கொண்டிருந்தபோது, "எத்தனையாவது மீட்டரில் திருப்பினாய்?" என்று சாதாரணமாகக் கேட்டான். "1,400" என்றேன். "நான் 1,350-லேயே வேகத்தை ஏற்றியிருக்க வேண்டும், அப்போது அந்த அலையே நம்மீது பட்டிருக்காது" என்றான். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என்னோடு கூடத் தோற்க ஒரு ஆள் கிடைத்தான்.

ஆகவே கேப்டன், "பரவாயில்லை, விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்குப் பரவாயில்லை இல்லை. விஷயமாகப் பேசுங்கள். 300 மீட்டர் இருக்கும்போது வீச்சு எத்தனை? கடைசி வேகத்துக்கு ஏற்றும்போது நீங்கள் எல்லாருமே முன்னால் பாய்ந்து படகைச் சாய்த்தீர்களா? சாய்ந்த பக்கத்துத் துடுப்புக்கு மேலே வர இடம் இருந்திருக்காது. நண்டு பிடிக்கிறவன் ஒருவன், நண்டை அனுப்பி வைப்பது பெரும்பாலும் படகு முழுக்க. அடுத்த பயிற்சியில் அதே வேகத்தில், அதே ஏற்றத்தைப் பத்துத் தடவை செய்து பாருங்கள், அவனை அதே இருக்கையில் வைத்து.

பெரிய படகுகளின் கதையும் சொல்கிறேன், அவனிடம் காட்டுங்கள். 1951-ல் ஆக்ஸ்போர்டு-கேம்பிரிட்ஜ் பந்தயத்தில் ஆக்ஸ்போர்டு படகு புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே மூழ்கியது. இரண்டு நாள் கழித்து மறுபடி பந்தயம் வைத்தார்கள், அதிலும் தோற்றார்கள், பன்னிரண்டு படகு நீளத்தில். 2012-ல் அதே பந்தயத்தில் ஒருவர் நடுவில் நீந்தி வந்ததால் ஓட்டத்தை நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். தொடங்கியதும் துடுப்புகள் மோதி, ஆக்ஸ்போர்டில் ஒருவருடைய பிளேடு முறிந்து போயிற்று. மீதிப் பந்தயத்தை ஏழு துடுப்போடு ஓட்டி முடித்தார்கள். 1956 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் போனது யேல் கல்லூரிப் படகு. முதல் சுற்றிலேயே தோற்று, தோற்றவர்களுக்கான மறுவாய்ப்புச் சுற்றில் ஏறி வந்து, இறுதியில் தங்கம் வாங்கினார்கள். இதில் கடைசிக் கதையை மட்டும் எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் மூன்றையும் சொல்லுங்கள்.

கேள்வி: பெண்கள் கல்லூரி ரோயிங்குக்கு எப்போது வந்தார்கள்?

பதில்: தண்ணீருக்கு எப்போதோ வந்துவிட்டார்கள், உள்ளே விடத்தான் நாளாயிற்று. ஆக்ஸ்போர்டு-கேம்பிரிட்ஜ் ஆண்கள் 1829-ல் முதலில் மோதினார்கள். பெண்கள் 1927-ல். அன்று இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடவில்லை. தனித்தனியாக ஓடச் சொல்லி, நேரத்தோடு அழகுக்கும் மதிப்பெண் போட்டார்கள்! ஆண்கள் ஓடுகிற அதே 6.8 கிலோமீட்டரில், அதே நாளில் பெண்களும் ஓடியது 2015-ல்தான்.

யேலில் 1976 மார்ச் 3 அன்று நடந்ததைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நான் சொல்வதுண்டு. பெண்களுக்குப் படகுத்துறையில் குளிக்க இடமில்லை. ஆண்கள் வெந்நீரில் குளித்து வரும்வரை, நனைந்த உடையோடு குளிரில் பஸ்ஸில் காத்திருக்க வேண்டும். கேப்டன் கிறிஸ் எர்ன்ஸ்டும் அணியினரும், மொத்தம் பத்தொன்பது பேர், விளையாட்டு அலுவலகத்துக்குப் போய், மேலுடையைக் கழற்றி, சமவாய்ப்புச் சட்டத்தின் பெயரான 'டைட்டில் ஒன்பது' என்று உடம்பில் எழுதியிருந்ததைக் காட்டியபடி தங்கள் அறிக்கையை வாசித்தார்கள். செய்தி நாடெங்கும் போயிற்று. ஒலிம்பிக்கில் பெண்கள் ரோயிங் சேர்ந்ததும் அதே வருடம்.

கேள்வி: எங்கள் பயிற்சியாளர் மோட்டார் படகில் கூடவே வருகிறார், ஒரு மணி நேரத்துக்கு நாலு வார்த்தைதான் பேசுகிறார். அக்கறை இல்லையோ?

பதில்: நாலு வார்த்தையையும் எழுதி வையுங்கள். ஒரே நாலு வார்த்தைதான் தினமும் வருகிறது என்றால், நீங்கள் இன்னும் அதைச் செய்யவில்லை.

கேள்வி: மூன்று வருடமாக இரண்டாம் படகுதான். கடைசி வருடத்திலும் முதல் படகு கிடைக்கும் என்று தோன்றவில்லை. படிப்பும் அழுத்துகிறது. தொடரவா, விலகவா? விடாமுயற்சி என்று பெரிதாகப் பேசாமல் பதில் சொல்லுங்கள்.

பதில்: பேசவில்லை. எனக்கும் அந்த வார்த்தையைக் கேட்டால் அலுப்புத்தான்.

என்னிடம் இரண்டு பேர் இருந்தார்கள், ஒரே ஆண்டு மாணவர்கள், இரண்டு பேருமே இரண்டாம் படகு. ஒருவன் மூன்றாம் வருட நடுவில் விலகினான். நன்றாகப் படித்தான், சந்தோஷமாக இருக்கிறான், வருடத்துக்கு ஒரு தடவை பந்தயம் பார்க்க வந்து கரையில் நின்று என்னைவிடச் சத்தமாகக் கத்துகிறான். மற்றவன் கடைசிவரை இருந்தான். முதல் படகு கிடைக்கவில்லை. சினிமா மாதிரி கடைசி நாளில் யாருக்காவது காய்ச்சல் வந்து இவனுக்கு இடம் கிடைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஆனால் அந்த வருடம் முதல் படகு ஒவ்வொரு வாரமும் எதனோடு மோதிப் பழகியதோ, அது அவன் ஸ்ட்ரோக்காக இருந்த இரண்டாம் படகு. முதல் படகுக்காரர்கள் பயிற்சியில் அவனிடம் தோற்ற நாளெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பந்தயமே இல்லாத ஒரு நாள், காற்று எதிர்த்து அடிக்கிற ஒரு விடியலில், படகைத் தோளில் தூக்கித் துறைக்கு நடக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது? அது பிடித்திருந்தால் இருங்கள். பதக்கத்துக்காகத்தான் அதைச் சகித்துக்கொள்கிறீர்கள் என்றால் விலகுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலகுவதாக இருந்தால் பருவம் தொடங்குமுன் பயிற்சியாளரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். செய்தி அனுப்பாதீர்கள், நண்பனிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் இருக்கைக்கு ஒருவரைப் பழக்க அவருக்குக் குறைந்தது ஆறு வாரம் வேண்டும்.